பள்ளிச் சுவரில் டைனோசரா, ஆவுளியாவா?

பெரியபட்டினம் டீச்சர் கேட்டது, 3 மே 2025

எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் முழுக்க வெறுமையாகக் கிடக்கிறது. லீவு முடிவதற்குள் ஆதிகால உயிரினங்களை வரைந்துவிடலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசினோம். பையன்கள் டைனோசர்தான் வேண்டும் என்கிறார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, "ராமநாதபுரத்தில் ஏது டைனோசர்? எலும்பை வைத்துக்கொண்டு சதையும் தோலும் நிறமும் வரைவதெல்லாம் கற்பனை. பிள்ளைகளுக்கு எதற்குப் பொய் சொல்லித் தரணும்? கலாம் அய்யா படம் வரையுங்கள்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 மே, இரவு

டீச்சர், அவர் கேட்டது இரண்டு கேள்வி. தனித்தனியாகப் பார்க்கணும்.

முதலாவது, நம் ஊரில் என்ன இருந்தது? மேலே கிடப்பதெல்லாம் புதுசு. மணல், தேரி, பவளக்கல். ராமேஸ்வரம் தீவிலும் பாம்பன் பக்கமும் கடல் மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கும் பழைய பவளப் பாறையின் வயதைக் கணித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 4000 ஆண்டு. பூமியின் கணக்கில் அது நேற்று. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவருக்குக் கிட்டே போய்ப் பாருங்கள், கல்லில் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஒரு பவள உயிர் உட்கார்ந்திருந்தது.

ஆனால் காலுக்கு அடியில் கதை வேறு. ஓஎன்ஜிசி நம் மாவட்டத்தில் துளை போட்டு எரிவாயு எடுக்கிறதே, அந்தத் துளைகள் ஆழத்தில் போய்த் தொடுவது கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் படிவுகளை. 14.5 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுக்கு முன் முடிந்த காலம் அது. நமக்குக் கீழே புதைந்திருக்கும் அதே காவிரிப் படுகையின் படிவுகள் அரியலூர், பெரம்பலூர் பக்கம் தரைக்கு மேலே வந்து கிடக்கின்றன. அங்கே அம்மோனைட் (கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட பழைய கடல் உயிர்) பொறுக்குகிறவர்கள் நம் வீட்டுக்கு அடியில் இருக்கிற கடலைத்தான் பொறுக்குகிறார்கள். ஆகவே ராமநாதபுரத்துப் பள்ளிச் சுவரில் அந்தக் கடலை வரைய முழு உரிமை உண்டு.

கற்பனையா என்ற இரண்டாவது கேள்விக்கு நாளைக்கு எழுதுகிறேன். அதற்கு நம் கரையிலேயே பதில் இருக்கிறது.

4 மே

தொண்டித் தம்பி கேட்டது: அரியலூர் படிவில் டைனோசர் எலும்பு கிடைக்குமா?

கிடைக்கிறது, குறைவாக. அது பெரும்பாலும் கடல் படிவு. சிப்பி, அம்மோனைட், பெலம்னைட் (இதுவும் கணவாய் வகை), சுறாப் பல் என்றுதான் அதிகம். டைனோசர் தரை விலங்கு. கரைக்குப் பக்கத்தில் படிந்த கல்லமேடு மாதிரி இடங்களில் அதன் எலும்பு வந்திருக்கிறது. அதைப் பற்றித் தனியாகச் சொல்லணும், பெரிய விஷயம்.

5 மே

சரி, கற்பனைக் கேள்வி.

ஆவுளியா (கடல் பசு) என்ற ஒரு விலங்கு இல்லவே இல்லை, எப்போதோ அழிந்துவிட்டது, எலும்பு மட்டும் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வரைய முடியுமா?

கரை ஒதுங்கிச் செத்த ஆவுளியா ஒன்றின் மண்டை ஓட்டை வனத்துறையினர் அளந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். (எலும்பைத் தொடுவதோ எடுத்து வருவதோ கூடாது. வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிற விலங்கு.) மேல்தாடையின் முன்பகுதி நேராக நீளாமல் சட்டென்று கீழ்நோக்கி மடங்கி இறங்குகிறது. கீழ்த்தாடையும் அதோடு சேர்ந்து வளைகிறது. மூக்குத் துவாரம் முகத்தின் முன்னால் இல்லை, உச்சியை ஒட்டிப் பெரிய குழியாக இருக்கிறது. பற்கள் பின்னால் ஒதுங்கி, மேலே எனாமல் இல்லாத வெறும் முளைகளாக நிற்கின்றன. விலா எலும்பு ஒன்றே அவ்வளவு கனம், உள்ளே மஜ்ஜைக் குழி கிடையாது, முழுக் கட்டி. துடுப்புக்குள்ளே ஐந்து விரல் எலும்பும் இருக்கின்றன. பின்னங்கால் இல்லை, இடுப்பு எலும்பின் மிச்சம் மட்டும் சதைக்குள் தனியாகக் கிடக்கும். முதுகெலும்பு வால் வரை நேராகப் போய்ச் சிறுத்து முடிகிறது.

இதில் எதைப் பார்த்து அந்த அகன்ற மீசை முகத்தை வரைவீர்கள்? இரண்டு பக்கமும் விரிந்த வால் துடுப்புக்குள் எலும்பே இல்லை. அக்குளுக்குப் பக்கத்தில் இருக்கிற முலைக்காம்புக்கும் எலும்பு இல்லை.

பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுத்த காலத்தில் இந்த எலும்புக்கூட்டின் ஜெராக்ஸைப் பெயர் போடாமல் பிள்ளைகளிடம் கொடுத்து, "சதை போட்டுக் காட்டுங்கள்" என்பேன். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துப் பிள்ளைகள் தந்தம் வைத்த முதலை வரைவார்கள், எலிவால் வைத்த சீல் வரைவார்கள். கோடு அருமையாக இருக்கும், விலங்கு தப்பாக இருக்கும். கடற்கரைப் பிள்ளைகள் தாளை வாங்கியதும் "சார், இது ஆவுளியா" என்று சிரிப்பார்கள். கை அவ்வளவு வராத பிள்ளைகூட வாயைச் சரியாகப் போடும். வீட்டில் தாத்தா சொன்னது காதில் இருக்கிறது.

எலும்பு மட்டும் போதாது என்பது உண்மை. அதனால் எல்லாம் கற்பனை என்று ஆகிவிடாது. உயிரோடு இருக்கிற உறவுக்காரரைத் தெரிந்தவர் கை, எலும்பிலிருந்து வெகுதூரம் சரியாகப் போகும். நான் சொல்ல வருவது அதுதான்.

6 மே

சாயல்குடி அண்ணன் கேட்கிறார்: "டைனோசரைப் பார்த்த தாத்தா யாரும் இல்லையே?"

இல்லை அண்ணே. ஆனால் உறவு இருக்கிறது. ஒரு பக்கம் முதலை, இன்னொரு பக்கம் பறவை. அவை இரண்டிலும் பொதுவாக இருக்கிற ஓர் அமைப்பு நடுவில் வருகிற டைனோசருக்கும் இருந்திருக்கும் என்று நம்பி வரையலாம். ஒன்றில் மட்டும் இருந்தால் யோசிக்கணும். இரண்டிலும் இல்லையென்றால் வேறு பலமான சான்று வேண்டும்.

புது எலும்பு வரும்போது பழைய படம் திருத்தப்படும். லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-இல் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்து வைத்த இக்வானடான் என்ற டைனோசரின் சிலைக்கு மூக்கில் ஒரு கொம்பு உண்டு. 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகளாகவே கிடைத்தன. அந்தக் கொம்பு கட்டைவிரல் முள் என்று தெரிந்தது. சும்மா கற்பனை என்றால் திருத்த யாருக்கும் அவசியமே வந்திருக்காது.

பார்த்தவர் எழுதி வைத்ததால் பிழைத்த படமும் உண்டு. ஆவுளியாவின் குடும்பத்திலேயே ஒரு பெரிய பங்காளி பெரிங் கடலில் இருந்தது, சுமார் 8 மீட்டர் நீளம். கியோர்க் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் 1741-இல் கப்பல் உடைந்து அங்கே மாட்டிக்கொண்டபோது பார்த்து எழுதினார். பல்லே கிடையாது, மரப்பட்டை மாதிரித் தோல் என்று எல்லாம் குறித்து வைத்தார். 1768-க்குள் வேட்டையில் அது அடியோடு அழிந்துவிட்டது. இன்று அதை வரைகிற எவரும் எலும்போடு அவர் எழுத்தையும் சேர்த்துத்தான் வரைகிறார்கள்.

6 மே, இரவு

ஒன்று விட்டுப்போனது. மேலே சொன்ன மண்டை ஓட்டை வரைந்த அன்று, பழைய மீனவர் ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அதற்கு மேல் மெல்லிய கோட்டில் முகம் போட்டிருந்தேன். "வாயை ஏன் முன்னால வச்சிருக்கீங்க? அது கீழ பாத்துத்தான் இருக்கும். புல்லை வேரோட உழுதுக்கிட்டே போகும்ல" என்றார். கடல் புல் படுக்கையில் அது மேய்ந்த தடம் வாய்க்கால் வெட்டியதுபோல் நீளமாகத் தெரியும் என்று மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டின் அகலம்தான் அந்த வாயின் அகலம். மேய்ச்சல் தடத்தை ஆராய்ச்சியாளர்களும் அளக்கிறார்கள். கடியின் அகலம், புல்லின் உயரம், வாயின் கோணம் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. படம் வரைகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

8 மே

வால் பற்றி.

இக்தியோசார் என்ற கடல் ஊர்வன அரியலூர்ப் படிவிலும் இருந்தது. காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களிமண்ணில் அதன் பல்லும் முள்ளெலும்பும் கிடைத்திருக்கின்றன. நம் சுவரின் கதாநாயகன் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் வரைந்தவர்கள் அதற்கு வெறும் பல்லி வால் போட்டார்கள். எலும்புக்கூடுகளில் வால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கீழே மடங்கியிருந்ததை, புதையும்போது ஒடிந்தது என்றே எண்ணினார்கள். எல்லா எலும்புக்கூட்டிலும் ஒரே இடத்தில் ஒடியுமா? 1830-களின் கடைசியில் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதைக் கவனித்து, அங்கே ஒரு துடுப்பு இருந்திருக்கணும் என்றார். ஜெர்மனியில் ஹோல்ஸ்மாடனில் உடம்பின் நிழலே கல்லில் பதிந்த எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1892-இல் எபர்ஹார்ட் ஃப்ராஸ் அதை விவரித்தபோது முதுகுத் துடுப்பும் சேர்ந்து வந்தது. அதற்கு எலும்பே கிடையாது, யாரும் எதிர்பார்க்கவில்லை.

சுவரில் வரையும்போது கவனம்: இக்தியோசார் வால் சுறாவின் வாலைப் போல நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் அடிக்கும். ஆவுளியாவின் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழும் அடிக்கும். சுறாவுக்கு முதுகெலும்பு வாலின் மேல் மடலுக்குள் ஏறும், இக்தியோசாருக்குக் கீழ் மடலுக்குள் இறங்கும். நிறையப் படங்களில் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

9 மே

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கணும். ஆவுளியாவின் வால் துடுப்பில் எலும்பு இல்லைதான். ஆனால் துடுப்பு தொடங்குகிற இடத்தில் வால் முள்ளெலும்புகளின் வடிவம் மாறி, மேலும் கீழும் தட்டையாகிவிடும். திமிங்கிலத்திலும் அப்படியே. கூர்ந்து பார்க்கிறவருக்கு "இங்கே ஒரு படுக்கை வால் இருந்தது" என்று எலும்பே சொல்லிவிடும். பழைய திமிங்கிலமான பசிலோசாரஸுக்கு வால் துடுப்பு வரைகிறார்களே, தோல் கிடைத்ததாலா? இல்லை, இந்த முள்ளெலும்பு மாற்றத்தை வைத்துத்தான். எலும்பு பேசாது என்று சொல்வதற்கு முன் எல்லா எலும்பையும் பார்க்கணும்.

11 மே

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் ஆள் இருக்கிறார்கள், பேச்சு நன்றாக ஓடுகிறது. நேற்று சுறா பற்றிப் பேச்சு வந்தது. கீழக்கரை பாய் மெகலொடான் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறாவை வரையச் சொல்கிறார்.

பாய், சுறாவுக்கு எலும்புக்கூடு குருத்தெலும்பு. செத்தால் மிஞ்சுவது பல்லும், அதிர்ஷ்டம் இருந்தால் முள்ளெலும்பும். கொம்பன் சுறாவை நினைத்துப் பாருங்கள். வெறும் பல் மட்டும் கிடைத்திருந்தால், அந்தத் தலையை உலகத்தில் எவர் வரைந்திருப்பார்? வேளா மீனின் வாள் கிடைக்காமல் போயிருந்தால் அதை வெறும் திருக்கையாகத்தான் போட்டிருப்போம்.

மெகலொடானுக்கும் இதே பிரச்சினை. பல் நிறைய, முள்ளெலும்பு கொஞ்சம். இவ்வளவு நாளும் வெள்ளைச் சுறாவைப் பெரிதாக்கி வரைந்தார்கள். 2025 மார்ச்சில் வந்த ஆய்வு, அது அவ்வளவு கட்டையாக இருக்காது, ஒல்லியாக நீண்டிருக்கும், நீளம் 24 மீட்டர் வரை போயிருக்கலாம் என்கிறது. மேலும் அது 36 லட்சம் ஆண்டுக்கு முன் வரை வாழ்ந்த மீன். கிரெட்டேசியஸ் கடலில் அதற்கு வேலை இல்லை. நம் படத்தில் வேண்டாம்.

ஹெலிகோப்ரியன் கதை தெரியுமா? பல்லெல்லாம் சுருளாகச் சுற்றிய ஒரு பழைய மீன். ரஷ்யாவில் கார்பின்ஸ்கி 1899-இல் விவரித்தார். அந்தச் சுருள் எங்கே இருந்தது என்று தெரியாமல் ஆளுக்கு ஓர் இடத்தில் ஒட்டினார்கள், மூக்கில், முதுகில், வாலில். அமெரிக்காவின் ஐடஹோவில் கிடைத்த கல்லை சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2013-இல்தான் கீழ்த்தாடைக்குள் இருந்தது என்று உறுதியானது. நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் டீச்சர், ரொம்பப் பிடிக்கும்.

12 மே

கரையில் கணவாய் ஓடு ஒதுங்குமே, அதை ஒன்று எடுத்து வகுப்பில் வையுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பதும் அதுதான். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நகம் பட்டால் மாவாக உதிரும், வரி வரியாக அடுக்கு தெரியும். பத்துக் கை, கண், மை, நிறம் மாறும் தோல் எதுவும் அந்த ஓட்டில் இல்லை. காரையில் கிடைக்கிற பெலம்னைட் கணவாயின் பழைய உறவு. துப்பாக்கித் தோட்டா வடிவக் கல். ஹோல்ஸ்மாடன் போன்ற இடங்களில் கொக்கி வைத்த கைகளோடு சேர்ந்து பதிந்து கிடைத்ததால் இன்று அதை முழுதாக வரைய முடிகிறது.

15 மே

வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் சுற்றுகிறது, "பாம்பன் அருகே டைனோசர் முட்டை" என்று. தயவுசெய்து பரப்பாதீர்கள். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தோண்டும்போது உருண்டைக் கற்கள் வந்து, ஊரே டைனோசர் முட்டை என்றது. பார்த்த நிபுணர்கள் அவை முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உருண்ட கற்கள் என்று சொன்னார்கள். முட்டையை விட அது எந்த விதத்தில் குறைச்சல்? நம் பெரியவர்கள் பூஜையில் வைக்கிற சாளக்கிராமத்துக்குள்ளும் அம்மோனைட்தான் இருக்கிறது, நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருவது.

அந்தப் படம் ஏஐ வரைந்தது என்பது தெளிவு. முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற டைனோசரின் முன்காலில் விரல்கள் ஒன்றோடொன்று உருகிப் போயிருக்கின்றன, தோலுக்குக் கீழே எந்தத் தசையும் எந்த எலும்பிலும் பிடிக்கவில்லை. இந்த வேலையில் எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். ஓவியர் ஒருவர் தப்பாக வரைந்தால் "ஏன் அப்படிப் போட்டாய்" என்று கேட்கலாம், அவரிடம் ஒரு காரணம் இருக்கும். இதனிடம் கேட்க ஒன்றும் இல்லை.

17 மே

டீச்சர் அனுப்பிய மாதிரிப் படம் பார்த்தேன். பிள்ளைகள் கை நன்றாக இருக்கிறது. அலை அடிக்கிற இடத்தை அப்படியே நம் கரையைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். மூன்று விஷயம் மட்டும்.

இக்தியோசாரும் கல்லமேட்டு டைனோசரும் ஒரே படத்தில் இருக்கின்றன. இக்தியோசார் சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்பே உலகத்திலிருந்து போய்விட்டது. கல்லமேட்டுப் பாறை சுமார் 7 கோடி ஆண்டு. இடைவெளி 2 கோடி. நமக்கும் மெகலொடானுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பல மடங்கு.

கரையில் பனைமரம் நிற்கிறது. நம் ஊர் என்று காட்ட ஆசைப்பட்டது புரிகிறது. அந்தக் காலத்துக்குப் பெரணி, சைக்கஸ், ஊசியிலை மரங்கள் போடுங்கள். பெரம்பலூர் பக்கம் தெரணிக் களிமண்ணில் கிரெட்டேசியஸின் முற்பகுதி இலைகள் பதிந்து கிடைக்கின்றன, சைக்கஸ் ஓலையைப் போல இரண்டு பக்கமும் சிற்றிலை வரிசை. சாத்தனூரில் கல்லாய்ப் போன மரமே படுத்திருக்கிறது. பேருந்து எடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

சீமைக் கருவேலம். அது 19-ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கே வந்தது. கண்டிப்பாக எடுத்துவிடுங்கள்.

20 மே

பாய் நல்ல கேள்வி கேட்டார்: "கிரெட்டேசியஸ் சரி, ஆனால் பிள்ளைகளுக்கு நம் ஊர் மாதிரியே தெரியாதே. நம் ஊராகவே தெரிகிற ஆதிகாலம் ஏதும் இல்லையா?"

இருக்கிறது. பாக் விரிகுடா.

பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். 20,000 ஆண்டுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் உலகக் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அப்படியானால் மண்டபத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் தண்ணீரே இல்லை. தரை. தொண்டியில் நின்று கிழக்கே பார்த்தால் சமவெளி.

அந்தத் தரையில் யார் நடந்தார்கள்? இலங்கையில் ரத்தினபுரியில் ரத்தினக் கல் தோண்டுகிற குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எலும்பும் பல்லும் வந்திருக்கின்றன. தெரணியகல என்ற இலங்கை விலங்கியலாளர் அவற்றுக்குப் பெயர் வைத்தார். இன்று இலங்கையில் இந்த மூன்றும் காட்டில் இல்லை. அவை அங்கே போக வழி ஒன்றுதான், இந்தப் பக்கத்துத் தரை. பனியுகங்களில் கடல் பல தடவை இறங்கி ஏறியது, ஒவ்வொரு முறையும் வழி திறந்தது.

இப்போது நம் பிள்ளைகள் படகில் போய்வருகிற இடத்தில் நீர்யானைக் கூட்டம் நடக்கிற படத்தை நினைத்துப் பாருங்கள். இன்றைய ஆப்பிரிக்க நீர்யானையை அப்படியே வரைந்துவிடக் கூடாது. நம் பக்கத்தில் இருந்த ஹெக்ஸாப்ரோட்டோடான் என்ற பழைய நீர்யானைக்குக் கீழ்த்தாடையில் ஆறு வெட்டுப்பல், ஆப்பிரிக்க நீர்யானைக்கு நான்குதான். ஆகவே ஒன்றாவது வாயைத் திறந்து நிற்கணும். கொட்டாவி விடுகிற நீர்யானையை விடப் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும்?

21 மே

யோசித்துப் பார்த்தேன், நேற்றுச் சொன்ன படத்தில் ஒரு சிக்கல். ரத்தினபுரியில் எலும்பு இருக்கிறது. பாக் விரிகுடாவின் தரையில் கிடைத்த நீர்யானை எலும்பு என்று காட்ட ஒன்றும் நம் கையில் இல்லை. அவை அந்த வழியில் கடந்தன என்பது வலுவான அனுமானம், ஆனால் அனுமானம்.

கூட்டத்தில் எழுந்த பெரியவரின் கேள்விக்கு மரியாதை கொடுக்கிற வழி இதுதான் என்று தோன்றுகிறது: படத்திலேயே பிரித்துக் காட்டுவது. எலும்பு கிடைத்த பகுதிக்குத் தடித்த கோடு. உறவு விலங்குகளை வைத்துச் சொல்கிற பகுதிக்கு மெல்லிய கோடு. ஓவியரின் ஊகத்துக்குப் புள்ளிக் கோடு. ஓரத்தில் சின்ன விளக்கக் கட்டம். பிள்ளை ஒன்று வந்து நின்று, "இதுக்கு மீசை இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் கோட்டைப் பார்த்தே பதில் சொல்லலாம்.

24 மே

கல்லமேடு. சொல்லணும் என்று சொன்னேன்.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-இல் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர்கள். கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிற்பாடு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று ஆனது. உலகத்தின் மிகப் பெரிய தரை விலங்காக இருக்கக்கூடும் என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் எலும்பு இல்லை. ஈரமும் மழையும் பட்டுப் பொடிந்து போய்விட்டது. மிஞ்சியிருப்பவை அப்போது எடுத்த சில புகைப்படங்களும் வரைபடங்களும்.

எகிப்தில் கிடைத்த ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசருக்கும் இப்படித்தான் ஆயிற்று. ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1915-இல் விவரித்த எலும்பு 1944-இல் மியூனிக் குண்டுவீச்சில் அழிந்தது. அவர் போட்டு வைத்த படங்கள் மிஞ்சின. பல பத்தாண்டுகள் அந்த விலங்கைப் பற்றிப் பேசியவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

கர்ஜிக்கிற விலங்கை வரைகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். எலும்பை அளந்து, உடைந்த விளிம்பையும் விரிசலையும் அப்படியே போடுகிறவரை யாரும் கேட்பதில்லை. இந்தக் கலையின் அஸ்திவாரம் அவர்தான். கல்லமேட்டில் மண்ணில் இருந்தபோதே அப்படி ஒருவர் உட்கார்ந்து எல்லாக் கோணத்திலும் வரைந்திருந்தால் இன்று எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

26 மே

நிறம். தொண்டித் தம்பி, "இக்தியோசாருக்கு என்ன கலர் அடிக்க?" என்கிறார்.

ஏலக் கூடத்தில் கிளிமீனைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் பச்சையும் நீலமும் ரோஜாவுமாக இருப்பது, கூடைக்கு வரும்போதே மங்கிவிடும். கல்லில் நிறம் நிற்கவே நிற்காது என்றுதான் நெடுநாள் எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் நிறமிப் பைகள் சில சமயம் பிழைக்கின்றன. சீனாவில் 1996-இல் விவரித்த சிறகு டைனோசர் சைனோசாரோப்டெரிக்ஸின் வால் செம்பழுப்புப் பட்டை போட்டது என்று 2010-இல் அந்தப் பைகளின் வடிவத்தை வைத்துச் சொன்னார்கள்.

ஹோல்ஸ்மாடன் இக்தியோசார் ஒன்றை 2018-இல் சோதித்ததில் வழவழப்பான தோல், அதன் கீழே கொழுப்புப் படலம், முதுகு கருமை, வயிறு வெளிறல் என்று வந்தது. நம் சூரை, சூடை எல்லாம் அதே ஏற்பாடுதானே. மேலிருந்து பார்த்தால் ஆழத்துக் கருப்பில் கலக்கும், கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தில் கலக்கும். அது கிரெட்டேசியஸுக்கு முந்தைய ஜுராசிக் காலத்து இனம், நம்முடையது அதற்குப் பின் வந்தது, ஆகவே மெல்லிய கோட்டுப் பகுதி. அடர் சாம்பல் நீலம் முதுகுக்கு, வயிற்றுக்கு வெள்ளையில் துளி மஞ்சள். சிவப்பும் பச்சையும் பட்டை போடவேண்டாம்.

30 மே

முடிவானது இது. இடது பக்கம் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல்: இக்தியோசார் ஒன்று, பெலம்னைட் கூட்டம், சுறா, அம்மோனைட். நடுவில் நீர்யானைகள் நடக்கிற பாக் சமவெளி. வலது பக்கம் இன்றைய கடல் புல்லில் ஆவுளியா, தாயும் குட்டியும், கீழே பாதி உடம்புக்கு எலும்புக்கூடு தெரிகிற மாதிரி. அந்தப் பக்கத்தை வரையும்போது பெரியபட்டினத்துப் பழைய மீனவர்கள் பக்கத்தில் இருக்கணும், வாயை அவர்கள் சரி பார்க்கட்டும்.

அம்மோனைட்டுக்கு எத்தனை கை என்று கேட்டிருந்தீர்கள். இன்றும் கடலில் வாழ்கிற சுருள் ஓட்டு உயிரான நாட்டிலஸை விட அது கணவாய்க்கு நெருங்கிய உறவு, ஆகவே பத்து. புள்ளிக் கோட்டில்.

31 மே

டைனோசர் கேட்ட பையன்களை ஏமாற்ற வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற தனிச் சுவரில் கல்லமேட்டுக் கால் எலும்பை மட்டும் நேரளவில், 2 மீட்டருக்கு, தடித்த கோட்டில் வரையுங்கள். சதை வேண்டாம், நிறம் வேண்டாம். பக்கத்தில் நின்று தங்கள் உயரத்தை அளக்க அடிக்கணக்கு போட்டுக் கொடுங்கள்.

சுவரில் உப்புப் பூத்திருக்கும். கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு பிரைமர் அடியுங்கள். நம் காற்றுக்கு வெளிச்சுவர் எமல்ஷன்தான் நிற்கும், டிஸ்டெம்பர் அடுத்த ஐப்பசிக்குள் உதிர்ந்துவிடும்.